பிள்ளைகளுக்கும் இரத்தக் கொதிப்பு உண்டோ?

செகந்திராபாத்தில் நம்மோடு ரயில்வேயில் பணி புரியும் அன்பர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்ததைக் கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம். எழுதுவதற்கு அவர் இசைவு தந்துள்ளார்; பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கத்தவர். நெடுநாளாக அவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தம் பார்த்து மாத்திரை வாங்கி வருவது வழக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றபொழுது, பள்ளி விடுமுறையாதலால் 14 வயது மகனும் உடன் சென்றான். தந்தைக்குப் பார்த்து முடித்ததும், "எனக்கும் பாருங்கள்" என்று பையன் விளையாட்டாகக் கையை நீட்டினான். செவிலியும் சிரித்துக்கொண்டே பட்டையைச் சுற்றினார். கருவி காட்டிய எண் 152க்கு 96. தந்தையின் எண்ணைக் காட்டிலும் மகனுடைய எண் மிகுதி!

அங்கிருந்தோர் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அன்பர் இதனை நம்மிடம் கூறினார். நாம் அளித்த விடை இன்றளவும் நம் நெஞ்சை உறுத்துகின்றது. "மிஷின் கெட்டுப் போயிருக்கும், சார். பதினாலு வயசுப் பிள்ளைக்குப் பிரஷர் எங்கேயிருந்து வரும்?" என்றோம். கேட்டு அவரும் ஆறுதலடைந்தார். அந்த ஆறுதலில் எட்டு மாதங்கள் கழிந்தன.

அந்த எட்டு மாதங்களில் பையனுக்குக் காலை வேளைகளில் தலைவலி வந்தது. கண்ணில் கோளாறு என்று கருதிக் கண்ணாடி போட்டார்கள். இருமுறை மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. வெயில் சூடு என்றார்கள். இவ்வூரின் மே மாத வெயிலை அறிந்தவர்கள் அதை நம்பியதில் வியப்பில்லை. பின்னர் ஒரு நாள் விடியற்காலையில் வாந்தியெடுத்து, பார்வை மங்குகின்றது என்று கூறவே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அழுத்தம் 180ஐத் தாண்டியிருந்தது. எக்கோப் படத்தில் இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. விழித்திரையின் நுண்குழாய்கள் சுருங்கியிருந்தன. சிறுநீரில் புரதம் கசிந்திருந்தது. ஸ்கேனில் ஒரு சிறுநீரகம் சுருங்கித் தழும்பேறிக் காணப்பட்டது. கைக்குழந்தைப் பருவத்தில் அவனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்ததை அன்னையார் அப்பொழுதுதான் நினைவுகூர்ந்தார். அவற்றுள் சில, சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றியதால் வந்தவையாக இருக்கலாம் என்றார் டாக்டர்.

அன்று அப்பிள்ளைக்குப் பதினைந்து வயது நிரம்பவில்லை.

நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, கோப்புகளுக்கு நடுவே காலம் தள்ளும் குமாஸ்தா. ஆயினும் அன்று அலுவலகத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்ன குற்றத்துக்குக் கழுவாயாக, இப்பொருளைப் பற்றி அறிந்தோரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களின் முன் வைக்கின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரத்த அழுத்த மிகுதியை நம்மவர் இரத்தக் கொதிப்பு என்று வழங்குகின்றனர். கொதிப்பு என்றவுடன் கோபமும் கவலையும் கடன்சுமையும் நினைவுக்கு வருகின்றன. மேலதிகாரியின் சினத்துக்கு ஆளாகும் குமாஸ்தாவுக்கு வரலாம். பெண்ணுக்கு வரன் தேடும் தந்தைக்கு வரலாம். பம்பரம் சுற்றும் பிள்ளைக்கு எப்படி வரும் என்று மனம் கேட்கின்றது. சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகின்றது. உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. இருதயம் அனுப்பும் இரத்தம் குழாய்ச் சுவர்களின்மேல் செலுத்தும் விசையே அழுத்தமாகும். அவ்விசை மிகுவதற்குக் கோபம் வேண்டுவதில்லை. சிறுநீரகம் பழுதுற்றால் மிகும். குழாய் சுருங்கினால் மிகும். உடலில் உப்பும் நீரும் தேங்கினால் மிகும். இவை யாவும் குழந்தைக்கும் நேரக்கூடியவை.

மிகுந்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. பிள்ளை ஓடும், ஆடும், உண்ணும். ரயில்வேயில் இருப்போர்க்கு இது எளிதில் விளங்கும். பிரேக் குழாயில் காற்றழுத்தம் உரிய அளவு உள்ளதா என்பதை இஞ்சினில் உள்ள மானியிலும், வண்டியின் கடைக்கோடியில் உள்ள மானியிலும் பார்த்த பின்னரே வண்டியை எடுக்கின்றனர். குழாயை வெளியே தடவிப் பார்த்து, அழுத்தம் சரியாக உள்ளது என்று கூறும் கார்டு எவரையும் நாம் கண்டதில்லை. பிள்ளைகளின் செய்தியில் மட்டும் முகத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுகின்றோம்.

வெளியே ஒன்றும் தெரியாத அக்காலத்தில் உள்ளே நிகழ்வது யாது? இருதயத்தின் இடது கீழறைதான் உடல் முழுவதற்கும் இரத்தத்தை உந்துகின்றது. எதிர்ப்பு மிகுந்தால் அது கூடுதல் வலுவோடு உந்த வேண்டும். மூட்டை சுமக்கும் தொழிலாளியின் தோள் திரள்வது போல அத்தசையும் திரள்கின்றது. தோள் திரண்டால் அழகு. இருதயம் திரண்டால் கேடு. தடித்த தசை விறைத்துப் போய், இரத்தம் நிறைவதற்கு வேண்டிய அளவு தளர்ந்து கொடுப்பதில்லை. தமனிகளின் சுவரும் அவ்வாறே தடித்து நெகிழ்வை இழக்கின்றது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிப்பான்கள் ஒவ்வொன்றிலும் சராசரியாக ஏறக்குறைய பத்து இலட்சம் உள்ளன. மிகை அழுத்தத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக நைந்து, புரதத்தை வெளியே விடுகின்றன. நைந்த வடிப்பானுக்கு மாற்று முளைப்பதில்லை. சிறுநீரகம் கெட்டால் அழுத்தம் மேலும் ஏறும். அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் மேலும் கெடும். இச்சுழலில்தான் நம் அன்பரின் மகன் அகப்பட்டிருந்தான்.

மூளையும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்து லாண்டே என்னும் மருத்துவரும் துணைவர்களும், அழுத்தம் மிகுந்த 75 சிறுவர்களையும் அது மிகாத 75 சிறுவர்களையும் ஒப்பிட்டு, முன்னவர்கள் நினைவாற்றலிலும் விரைந்து சிந்திக்கும் திறனிலும் சற்றே பின்தங்கியிருக்கக் கண்டனர். வேறுபாடு பெரிதன்று; ஆயினும் தேர்வு மதிப்பெண்ணுக்காகத் தனிப்பயிற்சிக்கு வாரி வழங்கும் நம்மவர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

'எண் எவ்வளவானால் மிகுதி?' என்று அன்பர்கள் கேட்பார்கள். பெரியவர்களுக்குள்ள எண்ணைப் பிள்ளைகளுக்குப் பொருத்தக் கூடாது. குழந்தையின் வயது, ஆணா பெண்ணா என்பது, உயரம் ஆகிய மூன்றையும் கொண்டு அட்டவணை பார்த்தே மருத்துவர்கள் முடிவு கூறுகின்றனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறையில், முதற் சோதனைக்கென எளிய பட்டியல் ஒன்று உள்ளது. அதன்படி 6 வயதுச் சிறுவனுக்கு 105க்கு 66, 10 வயதில் 108க்கு 72, 12 வயதில் 113க்கு 75 என்ற எல்லையை எட்டினால் மேற்கொண்டு ஆராய வேண்டும். சிறுமியர்க்கும் ஏறத்தாழ இதே அளவுதான். 13 வயது முதல் 120க்கு 80 என்ற எல்லையும், 130க்கு 80 முதல் நோய் என்ற கணக்கும் பெரியவர்களுக்குப் போலவே வருகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு 120க்கு 80 என்று வந்தால், 'நார்மல்' என்று நாம் மகிழ்ந்து வீடு திரும்புவோம் அல்லவா? அம்மகிழ்ச்சி தவறானது.

நம் நாட்டில் 2016 முதல் 2018 வரை மத்திய அரசு நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயது வரையுள்ளோரின் அழுத்தமும் அளக்கப்பெற்றது. நூற்றுக்கு 5 பேருக்கு மிகுந்திருந்தது. ஒரே நாளில் அளந்த கணக்காதலால் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். அச்சத்தால் எண் ஏறுவது குழந்தைகளிடம் மிகுதி. ஆயினும் நாற்பது பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இருவர் என்பது சிறிய கணக்கன்று. அவ்விருவரின் பெற்றோருள் எத்தனை பேர் அதனை அறிவார்கள்?

இனி நம் ஊர்ச் செய்தி ஒன்று. தார்னாக்கா வழியே போய்வரும் அன்பர்கள் தேசிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தின் மதிலைக் கண்டிருப்பார்கள். நம்மில் பலருடைய குடும்பங்களைப் போலவே அந்நிலையமும் தமிழகத்திலிருந்து இங்குக் குடிபெயர்ந்ததே. 1918இல் நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய்வதற்காக மக்காரிசன் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் தொடங்கியது. 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

அந்நிலையத்தார் 1987 முதல் 1990 வரை, ஐதராபாத்துக்கு அருகிலுள்ள கிராமங்களில் ஒரு சோதனை செய்தனர். அங்கன்வாடித் திட்டம் வந்துவிட்ட 15 கிராமங்களில் கருவுற்ற தாய்மாருக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நாள்தோறும் சமைத்த சத்துணவு வழங்கப்பட்டது; தடுப்பூசி முதலிய பணிகளும் உடன் நடைபெற்றன. திட்டம் இன்னும் வந்து சேராத 14 கிராமங்கள் ஒப்புநோக்குவதற்கென அமைந்தன. குழந்தைகள் எவ்வளவு எடையோடு பிறக்கின்றன என்று அறிவதே அன்றைய நோக்கம். பின்னர் அக்குழந்தைகள் வளர்ந்து 13 முதல் 18 வயது வரை எட்டிய காலத்தில், சஞ்சய் கின்ரா முதலிய ஆராய்ச்சியாளர்கள் அக்கிராமங்களுக்கு மீண்டும் சென்று 1,165 பேரைச் சோதித்தனர். முடிவுகள் 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தன. சத்துணவு பெற்ற ஊர்ப் பிள்ளைகள் மற்றவர்களைக் காட்டிலும் 14 மில்லிமீட்டர் உயரமாக இருந்தனர். இரத்தத்தில் சர்க்கரையை ஆளும் இன்சுலினும் அவர்களிடம் செம்மையாக வேலை செய்தது. இரு சாராரின் இரத்த அழுத்தத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் தமனிகளின் விறைப்பில் வேறுபாடு இருந்தது! சத்துணவு பெற்றோரின் தமனிகள் நெகிழ்வு மிகுந்திருந்தன.

அக்கிராமங்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. ஆதலின் இதனையே முடிந்த முடிபாகக் கொள்ளுதல் ஆகாது. எனினும் கணக்கெழுதும் நமக்கு இதில் ஒன்று விளங்குகின்றது. பேரேட்டின் புதிய பக்கத்தில் முதல் வரியாக முன்பக்கத்து இருப்பை எழுதுகின்றோம் அன்றோ? பிள்ளையின் இரத்தக் குழாயும் வெற்றுப் பக்கமாகத் தொடங்குவதில்லை. கருப்பையில் பெற்றதும் பெறாததும் அதில் முன்கொணரப்பட்டே உள்ளன. சிறுநீரகத்தின் வடிப்பான்கள் பிறப்புக்கு முன்பே அமைந்து முடிகின்றன. எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு அவை குறைவாகவே வாய்க்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் பிறந்தவுடன் எடை பார்க்கப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 18 இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தவை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை நம் வீட்டில் உண்டெனில், எத்தனை ஆண்டுகள் சென்றாலும் அதனை டாக்டரிடம் மறவாமல் கூற வேண்டும். 'இப்பொழுது கொழுகொழுவென்று இருக்கின்றான், பழைய கதை எதற்கு?' என்று விட்டுவிடலாகாது. எடை குறைந்து பிறந்து, பின்னர் விரைவில் பருத்துவிடும் பிள்ளையிடமே கூடுதல் கவனம் வேண்டும் என்கின்றனர்.

அயல்நாடுகளில் இதனை இன்னும் நெடுங்காலம் தொடர்ந்து பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பொகலூசா என்னும் சிற்றூரில் ஜெரால்டு பெரென்சன் என்ற மருத்துவர் 1973இல் பிள்ளைகளைச் சோதிக்கத் தொடங்கி, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின்னும் விடாது தொடர்ந்தார். அவர்களுள் விபத்து முதலியவற்றால் இளமையிலேயே இறந்த 204 பேரின் தமனிகளை ஆராய்ந்தபொழுது, சிறு வயதிலேயே கொழுப்புக் கோடுகள் படியத் தொடங்கியிருப்பதும், அழுத்தமும் எடையும் கொழுப்பும் மிகுந்திருந்தவர்களிடம் அப்படிவு மிகுந்திருப்பதும் தெரிந்தன. 1998இல் வெளியான செய்தி இது. அமெரிக்கா, பின்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இத்தகைய ஆய்வுகளில் பங்குபெற்ற 38,589 பேரின் விவரங்களை ஒன்றுதிரட்டி 2022இல் மற்றொரு முடிவு வெளியிடப்பட்டது. சிறுவயதில் அழுத்தம் முதலியன மிகுந்திருந்தோர்க்கு, பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மிகுதி என்பது சராசரியாக 35 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துக் கண்ட உண்மை. நாற்பது வயதிலேயே சிலருக்கு வந்துவிட்டது. 'போன வாரம் வரை நன்றாக இருந்தார்' என்று நாம் துக்க வீட்டில் பேசிக்கொள்வதுண்டு. அந்தப் போன வாரம் எப்பொழுது தொடங்கியதென்று யார் அறிவார்?

அளப்பது எளிது, சரியாக அளப்பதுதான் அரிது. கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896இல் கண்டுபிடித்தார். (மறு ஆண்டு 1897, ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டது நம் செகந்திராபாத்தில் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்வதில் நமக்கொரு பெருமை.) ரிவா-ரோச்சியின் பட்டை மிகக் குறுகலானது, அதனால் எண் கூடுதலாகக் காட்டுகின்றது என்று 1901இலேயே கண்டு அகலப்படுத்தினர். நூற்றாண்டுக்கு மேலாகியும் அதே பிழை நம் நடுவே நடைபெறுகின்றது. பட்டையின் உள்ளே உள்ள காற்றுப்பை, பிள்ளையின் மேற்கைச் சுற்றளவில் குறைந்தது நூற்றுக்கு 80 பங்கு நீளமும் 40 பங்கு அகலமும் இருக்க வேண்டும். பட்டை சிறிதானால் இல்லாத நோயைக் காட்டும். பெரிதானால் உள்ள நோயை மறைக்கும். மெலிந்த குழந்தைக்குப் பெரியவரின் பட்டையைச் சுற்றி, 'எல்லாம் சரி' என்று அனுப்பிவிடுவது இவ்வாறுதான். நாம் விசாரித்த சில இடங்களில் சிறுவர்க்கான பட்டையே இல்லை. 'இதுவரை யாரும் கேட்டதில்லை' என்பது அவர்கள் விடை. கேட்டால்தானே வாங்குவார்கள்?

பிள்ளை மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் படிந்தும், கை இருதய மட்டத்திலும் இருத்தல் வேண்டும். வலக்கையிலேயே அளக்க வேண்டும். அதற்கொரு காரணம் உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருக்கும். அங்ஙனமாயின் வலக்கையில் அழுத்தம் மிகுந்தும் காலில் குறைந்தும் இருக்கும். இடக்கையை நம்பினால் சில வேளை ஏமாற நேரும். டாக்டர் காலின் நாடியையும் தொட்டுப் பார்ப்பது இதன் பொருட்டே. ஒருமுறை மிகுந்ததைக் கொண்டு நோயென்று கூறிவிடமாட்டார்கள். வேறு வேறு நாட்களில் மும்முறை பார்த்த பின்னரே முடிவு செய்வார்கள். ஐயம் நீங்காவிடில் ஒரு பகலும் ஓர் இரவும் உடலிலேயே கட்டிவைத்து அளக்கும் கருவியும் உண்டு. மேற்கூறிய அமெரிக்க நெறிமுறை, மூன்று வயது முதல் ஆண்டுக்கொருமுறை எல்லாக் குழந்தைகளுக்கும் அளக்க வேண்டும் என்கின்றது. சளிக்கும் காய்ச்சலுக்கும் நாம் டாக்டரிடம் போகாத ஆண்டு ஏது? அப்பொழுது, "மா பாபுகி பீ.பீ. சூடண்டி" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெலுங்கு இலக்கணம் தேர்ந்திருக்க வேண்டியதில்லை.

காரணங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். குழந்தை எவ்வளவு சிறியதோ, எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு வேறொரு நோய் மறைந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. பெரும்பாலும் அது சிறுநீரகத்தைச் சார்ந்ததாக இருக்கும். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்வது இதனாலேயே. தழும்பு விழுந்த சிறுநீரகம் பத்தாண்டு கழித்துப் பழி வாங்கும். சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனி சுருங்குவது மற்றொரு காரணம். ஜப்பானியக் கண் மருத்துவர் தகாயாசு 1908இல் விவரித்த தமனி அழற்சி நோயே நம் நாட்டுக் குழந்தைகளிடம் இச்சுருக்கத்துக்குப் பெருங்காரணமாக உள்ளது. இவற்றுள் சிலவற்றை அறுவையாலோ, குழாயை விரித்தோ சீர்செய்யலாம். கண்டுபிடித்தால் அல்லவா சீர்செய்ய இயலும்!

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோரிடம் வேறு நோயின்றித் தானே வரும் அழுத்தம் மிகுந்து வருகின்றது. பெற்றோர்க்கு இருப்பது, உடல் பருமன், ஓடியாடாமை, உறக்கத்தில் குறட்டையிட்டு மூச்சு முட்டுதல், உப்பு ஆகியவை அதற்குத் துணை செய்வன. உப்பைப் பற்றி நம் இல்லத்தரசிகளிடம் பேச நமக்குச் சற்று அச்சமே. பிறந்த ஊரின் அப்பளமும் வடகமும் மோர்மிளகாயும் கருவாடும், வந்த ஊரின் ஆவக்காயும் கோங்கூராவும் ஒரே தட்டில் சேரும் பேறு நம்மைப் போன்ற குடிபெயர்ந்தோர்க்கே உரியது. இரண்டு ஊர்களின் சுவையோடு இரண்டு ஊர்களின் உப்பும் சேர்ந்துவிடுகின்றது. அத்துடன் பிள்ளைகள் பள்ளி வாயிலில் வாங்கும் உறைப் பண்டங்கள் வேறு. தார்னாக்கா நிலையத்தார் 2024இல் வெளியிட்ட உணவு நெறிமுறையில் நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்கின்றனர். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. அதுவும் பெரியவர்களுக்கு. குழந்தைக்கு இன்னும் குறைவு.

ஒன்று திருத்திக்கொள்ள வேண்டும். இத்தீங்குகள் யாவும் மாறாதவை என்று அஞ்ச வேண்டியதில்லை. தொடக்கத்திலேயே கண்டு அழுத்தத்தைக் குறைத்தால், தடித்த இருதயத் தசை மீண்டும் மெலிகின்றது. சிறுநீரகம் பழைய நிலைக்கு வராது. ஆயினும் அதன் சரிவைத் தடுத்து நிறுத்தலாம். ஐரோப்பாவில் சிறுநீரக நோயுற்ற 385 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்று 2009இல் முடிவு வெளிவந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு வழக்கமான அளவுக்கும், மற்றவர்களுக்கு அதனினும் தாழ்ந்த அளவுக்கும் அழுத்தத்தைக் குறைத்தனர். ஐந்தாண்டு முடிவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 42 பேருக்குச் சிறுநீரகம் பெரிதும் சீர்கெட்டது. இன்னும் தாழ்த்தப்பட்டவர்களுள் நூற்றுக்கு 30 பேருக்கே அவ்வாறு நேர்ந்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள்! மாத்திரையின் பெயரை இங்கு எழுதாமைக்குக் காரணம் உண்டு. வீட்டிலுள்ள தந்தையின் மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் பிள்ளைக்குக் கொடுத்த செய்தி ஒன்று நம் செவிக்கு வந்துள்ளது. அவ்வாறு செய்தல் கூடவே கூடாது. பிள்ளைக்குரிய மருந்தையும் அளவையும் எடை பார்த்து டாக்டரே கூற வேண்டும். எண் இறங்கிவிட்டதென்று தாமாக நிறுத்துவதும் ஆகாது.

நம் அன்பரின் மகன் இப்பொழுது பதினோராம் வகுப்பில் படிக்கின்றான். நாள்தோறும் இருவேளை மாத்திரை. ஓராண்டு கழித்து எடுத்த எக்கோப் படத்தில் இருதயச் சுவரின் தடிப்புக் குறைந்திருப்பதாக டாக்டர் கூறினாராம். சிறுநீரில் புரதம் இன்னும் சிறிது கசிகின்றது. எட்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தால் அதுவும் இல்லாமற் போயிருக்குமோ என்று அன்பர் டாக்டரிடம் கேட்டாராம். டாக்டர் விடை கூறாமல் அடுத்த மாதத்துச் சீட்டை எழுதிக் கொடுத்தாராம். இதனை அவர் நம்மிடம் கூறியபொழுது, நம்மைக் குறை கூறும் குறிப்பு அவர் முகத்தில் சிறிதும் இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

சென்ற மாதம் நம் பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் சென்று அளந்து வந்தோம். போகுமுன் சிறுவர் பட்டை உள்ள இடம் எதுவென்று நான்கு இடங்களில் விசாரிக்க வேண்டியிருந்தது. இளையவளுக்கு ஒன்பது வயது, 98க்கு 60. குறையொன்றுமில்லை. மூத்தவனுக்குப் பதின்மூன்று, 124க்கு 76. சற்றே மிகுதி, மருந்து வேண்டாம், உப்பைக் குறைத்து, மாலையில் ஓடியாட விட்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னோம். இல்லாள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பார்க்கும்பொழுது ஆவக்காய் ஜாடி மேல் பரணுக்கு ஏறியிருந்தது. நாற்காலி போட்டாலும் பையனுக்கு எட்டாத உயரம். நமக்கும் எட்டவில்லை.